செம்பவாங் அமைதியான ஊர்தான். மாலை ஏழு மணிக்குப் பிள்ளையை யார் அழைத்து வருவது?

வாசகர் கேள்வி: நானும் கணவரும் ஐந்து வயது மகளும் தோ பாயோவில் மாமனார், மாமியாருடன் மூவறை வீட்டில் இருக்கிறோம். இடம் போதவில்லை. எனக்கு ராஃபிள்ஸ் பிளேஸில் அலுவலக வேலை, 9 முதல் 6 வரை. கணவருக்குத் துவாஸில் முறைவேலை, இரவுப் பணியும் உண்டு. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். செம்பவாங்கில் ஒரு நான்கறை மறுவிற்பனை வீட்டை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். எவ்வளவு அமைதி! எதிரே பச்சைப் பசேலென்று திறந்தவெளி. விலையும் இங்கேயுள்ள வீடுகளைவிடக் குறைவு. ஆனால், ‘அவ்வளவு தூரம் போய்க் கஷ்டப்படாதே’ என்கிறார்கள் வீட்டில். தேக்காவும் கோயிலும் உறவும் தூரமாகிவிடுமே என்ற பயம் எனக்கும் இருக்கிறது. முதல் வீடு என்பதால் தயக்கம். போகலாமா? (எனக்கு 31, கணவருக்கு 34, இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள்.)

பதில்:

அன்புச் சகோதரி, செம்பவாங் நல்ல ஊர். உங்கள் குடும்பத்துக்கு அது ஒத்துவருமா என்பதை ஊரின் அமைதியோ விலையோ முடிவு செய்யாது. நீங்கள் பார்த்த புளோக்கிலிருந்து ரயில் நிலையம் எத்தனை நிமிட நடை, மாலை 7 மணிக்குள் மகளை அழைக்க யார் வந்து சேர முடியும் என்ற இரண்டும்தான் முடிவு செய்யும். உங்கள் கடிதத்தில் இரண்டுமே இல்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தோ பாயோவிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் ஏழு நிலையம். ரயிலுக்குள் இருபது நிமிடம்கூட ஆகாது. செம்பவாங்கிலிருந்து பதினைந்து நிலையம், சுமார் 40 முதல் 45 நிமிடம். இரண்டும் ஒரே வடக்கு - தெற்குப் பாதை, நடுவே மாற வேண்டியதில்லை. இது பெரிய வசதி. ஆனால், வீடு பார்க்கப் போகிறவர்கள் ரயிலில் ஆகும் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டுவதிலிருந்து பிளாட்பாரத்தில் நிற்பது வரை ஆகும் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். மின்தூக்கிக்கு இரண்டு நிமிடம், நிலையத்துக்கு நடை, நுழைவாயில், படி, அடுத்த ரயில் வரும்வரை இரண்டு மூன்று நிமிடம். எட்டு நிமிட நடைதூரத்தில் இருக்கும் புளோக் என்றால் வாசலிலிருந்து அலுவலக மேசை வரை ஒரு மணி நேரம். அதே ஊரில் இணைப்புப் பேருந்து பிடித்துத்தான் நிலையத்துக்கு வர முடியும் என்றால் 70, 75 நிமிடம் ஆகும். மழை நாளில் அந்தப் பேருந்தில் ஏற இடமே இல்லாமல் போகும், அதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்று வாசலிலிருந்து வாசலுக்கு 35 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நல்ல புளோக்கில்கூட ஒரு வழிக்கு 25 நிமிடம் கூடும். ஒரு நாளுக்கு 50. ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றால் 180 மணி நேரத்துக்கு மேல். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி இருந்தால் அது 110 மணி நேரமாகக் குறையும். அந்த அனுமதி உங்களுக்கு உண்டா, வெறும் வாய்வழி ஏற்பாடா என்பது விலைப் பேச்சுவார்த்தையைவிட முக்கியம்.

இனி மாலைக் கணக்கு. இப்போது மகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாமியாராகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். செம்பவாங் போனால் அவர் தினமும் அங்கு வர மாட்டார். வரச் சொல்வதும் நியாயமில்லை. ஆக, முழுநாள் பராமரிப்பு உள்ள பாலர் பள்ளி வேண்டும். அவை பொதுவாக வார நாள்களில் காலை 7 முதல் மாலை 7 வரை. நீங்கள் ஆறு மணிக்கு மேசையை விட்டு எழுந்தால் 6.10க்கு ராஃபிள்ஸ் பிளேஸ் பிளாட்பாரம். முதல் ரயிலில் ஏற முடிந்தால் 6.55க்குச் செம்பவாங். எட்டு நிமிட நடை என்றால் 7.03. அதாவது, எல்லாம் சரியாக நடந்த நாளிலேயே தாமதம். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிவிட்டுக் கிளம்பினால் 7.20. கணவர் பகல் முறையில் இருக்கும் வாரங்களில் அவராலும் வர முடியாது. தூரத்து ஊருக்குக் குடிபோன இளம் குடும்பங்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காலைப் பயணம் பழகிவிடும். மாலையில் பாலர் பள்ளிக் கதவு மூடுவதற்குள் ஓடி வருவது பழகாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. நீங்கள் எழுத்துபூர்வமாகக் கோரிக்கை கொடுத்தால் முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை. மறுத்தால் வேலை சார்ந்த காரணம் சொல்ல வேண்டும். ‘8 முதல் 5 வரை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து’ என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் 6.10க்குள் மகள் உங்கள் கையில். காலையில் பாலர் பள்ளி திறந்ததும் ஏழு மணிக்கு விட்டுவிட்டு நேரே நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். நிலையத்துக்கு அருகிலேயே பாலர் பள்ளியும் இருந்தால்தான் எட்டு மணிக்கு வந்து சேர முடியும், அதுவும் இழுத்துப் பிடித்துத்தான். வார நாள்களில் 7.45க்கு முன் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டினால் கட்டணத்தில் 50 காசு வரை தள்ளுபடியும் கிடைக்கும். இந்தக் கோரிக்கைக்குப் பதில் வருவதற்கு முன் எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். இந்தக் கடிதத்தில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

கணவரின் பயணத்தைப் பற்றி வீட்டில் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. துவாஸ் மேற்கே இருக்கிறது; செம்பவாங்கிலிருந்து அதே பாதை மறுபுறமாக உட்லண்ட்ஸ், சுவா சூ காங் வழியே ஜூரோங் ஈஸ்ட் போகிறது, அங்கிருந்து கிழக்கு - மேற்குப் பாதையில் துவாஸ் லிங்க். தோ பாயோவிலிருந்து போவதைவிடப் பெரிதாகக் கூடாது. ஆனால், அவர் போவது கம்பெனி பஸ்ஸில். அந்த பஸ் செம்பவாங்கில் நிற்குமா, எந்த இடத்தில், அதிகாலை எத்தனை மணிக்கு என்று போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். உட்லண்ட்ஸில்தான் நிற்கும் என்றால் முதல் ரயிலைப் பிடித்து அங்கே போய்ச் சேர நேரம் போதுமா என்பதையும் பாருங்கள். அதிகாலை முறைக்குப் பல நாள் டாக்ஸி எடுக்க நேர்ந்தால், விலையில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரையும்.

அமைதியைப் பற்றி. கணவர் இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குபவர். அவருக்கு வேண்டியது பகல் அமைதி. நீங்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை அமைதி. இரண்டும் வேறு. செம்பவாங் விமானப்படைத் தளம் அருகில் இருக்கிறது. அது ஹெலிகாப்டர் தளம், வார நாளில் சத்தம் தெரியும். வடக்கு - தெற்குப் பாதை அந்தப் பகுதியில் தரைக்கு மேலே ஓடுகிறது. பாதையைப் பார்த்த சன்னல் என்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: கட்டி ஐந்து ஆண்டு நிறைந்த புளோக்குகளில் பலர் ஒரே காலத்தில் விற்றுவிட்டுப் போவார்கள், புதிதாக வருகிறவர்கள் சுவரை உடைத்துப் புதுப்பிப்பார்கள். உடைப்பு, ஓடு பெயர்ப்பு போன்ற இரைச்சல் மிகுந்த வேலைகளுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அனுமதிப்பது வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை. சரியாக உங்கள் கணவர் தூங்கும் நேரம். புளோக்கின் அறிவிப்புப் பலகையில், மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் புதுப்பிப்பு அறிவிப்புகளை எண்ணிப் பாருங்கள். எந்த மாடி, எந்தத் தேதி என்று அதிலேயே இருக்கும்.

எதிரே பச்சைப் பசேலென்று திறந்தவெளி என்று எழுதியிருந்தீர்கள். அது பூங்காவா, காலி மனையா? நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடம் இணையத்தில் இலவசம். முகவரியைத் தட்டினால் அந்த நிலம் பூங்கா, குடியிருப்பு, பள்ளி, ‘ரிசர்வ் சைட்’ இவற்றில் எது என்று காட்டும். குடியிருப்பு என்று இருந்தால் இன்றில்லாவிட்டாலும் என்றாவது அடுக்குமாடி வரும். கட்டுமானம் சில ஆண்டுகள் நீடிக்கும், பிறகு உங்கள் சன்னலுக்கு எதிரே இன்னொரு சன்னல். ரிசர்வ் சைட் என்றால் பின்னால் எதுவும் வரலாம். செம்பவாங்கின் வடக்குப் பகுதியில் புதிய வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன, அதனால் இதைச் சும்மா சொல்லவில்லை. விற்பவர் திறந்தவெளியைக் காட்டிக் கூடுதல் விலை கேட்டால், அந்த வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எனவே இரண்டாம் முறை பார்ப்பது இப்படி இருக்கட்டும். ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை விடுப்பு எடுங்கள். காலை 7.10க்கு அந்த புளோக்கின் கீழே நின்று, அலுவலகத்துக்குப் போகிற மாதிரியே பையுடன் நடந்து நிலையத்துக்குப் போங்கள். வழி முழுவதும் கூரை இருக்கிறதா, சாலை கடக்க எத்தனை நேரம் நிற்கிறீர்கள் என்று கவனியுங்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் வரை நின்றுகொண்டே போய்ப் பாருங்கள். செம்பவாங்குக்கு வரும்போதே ரயிலில் உட்லண்ட்ஸ், அட்மிரல்ட்டி மக்கள் ஏறியிருப்பார்கள், உட்கார இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். திரும்பி வந்து பதினொரு மணிக்கு, விற்பவர் அனுமதித்தால், படுக்கையறைச் சன்னலைத் திறந்து பதினைந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு மாலை ஆறு மணிக்கு ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து ஒரு முறை வாருங்கள். நவம்பர், டிசம்பர் மழை நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. வடக்கு - தெற்குப் பாதை தடைபட்டால் என்ன வழி என்பதையும் ஒருமுறை போய்ப் பழகுங்கள்: இரண்டு நிலையம் பின்னால் உட்லண்ட்ஸ் போய், அங்கிருந்து தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஷென்டன் வே. 2022 நவம்பரிலிருந்து அது திறந்திருக்கிறது. நேரம் கூடும், இருந்தாலும் உட்கார்ந்து போக வாய்ப்பு அதிகம்.

உறவும் கோயிலும் தூரமாகும் என்ற பயம் பாதிதான் சரி. பழைய கடற்படைத் தளக் காலத்திலிருந்தே செம்பவாங் தமிழர்களும் மலையாளிகளும் வாழ்ந்த இடம். அங்கே கேன்பரா சாலையில் இருந்த புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம்தான் இன்று ஈசூனில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே கூடும் கூட்டத்தை நீங்களே அறிவீர்கள். செம்பவாங் நிலையத்தருகே புக்கிட் கேன்பராவில் பலதுறை மருந்தகம், உணவங்காடி நிலையம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. ஈசூனில் கூ டெக் புவாட் மருத்துவமனை. தேக்காவுக்கு நியூட்டனில் இறங்கி டௌன்டௌன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. மாதச் சாமான் வாங்க இது போதும். மாமியார் கையால் சாப்பிட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வருவதுதான் போகும். அது சின்ன இழப்பில்லை. அதற்குக் காசுக் கணக்கும் உண்டு, கீழே சொல்கிறேன்.

பாலர் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் தமிழ் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா நிலையங்களிலும் இல்லை. ‘இருக்கிறது’ என்றால் தமிழாசிரியர் அந்த நிலையத்திலேயே முழுநேரமாக இருக்கிறாரா, வாரத்தில் சில மணி நேரம் வந்து போகிறாரா என்று கேட்டுவிடுங்கள். தொடக்கப்பள்ளி பதிவில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் 1 கிலோமீட்டருக்குள், 1 முதல் 2 வரை, அதற்கு மேல் என்று முன்னுரிமை தருகிறது. அரசின் ஒன்மேப் வரைபடத் தளத்தில் முகவரி கொடுத்தால் எந்தப் பள்ளி எந்த வட்டத்தில் என்று தெரியும். தூரத்தைக் காட்டி இடம் பெற்றால், பதிவு தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியில் குடியிருக்க வேண்டும். மகளுக்கு இந்த ஆண்டில்தான் ஐந்து நிறைகிறது என்றால் பதிவு அடுத்த ஆண்டு நடுவில்; ஆறு நிறைகிறது என்றால் இந்த ஆண்டே. அதற்குள் இடம் மாறுவதா வேண்டாமா என்று முடிவாகிவிட வேண்டும். பதிவுக்குப் பிறகு மாறினால் பிள்ளைதான் அலைய வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, நம்மவர்கள் பலர் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வது: இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 முதல் நடப்பில் உள்ளது. இந்தியர் / பிறர் பிரிவுக்கு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரம்பு. புளோக்கிலோ அக்கம்பக்கத்திலோ நம் வரம்பு நிரம்பிவிட்டால், விற்பவரும் அதே பிரிவினராக இருந்தால்தான் நீங்கள் வாங்க முடியும். வீவக தளத்தில் புளோக் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கிறார்கள். வீடு பார்க்கப் போகும் முன்பே பாருங்கள். முன்பணம் கொடுக்கும் அன்றும் மறுவிற்பனை விண்ணப்பம் கொடுக்கும் அன்றும் மீண்டும் பாருங்கள். வாங்குவது மட்டுமல்ல, நாளை விற்பதையும் இது தொடும். ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் எண்ணிக்கை சுருங்கும், விலையும் இறங்கும். இன்று விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும் வீட்டுக்குப் பின்னால் சில நேரம் இந்தக் காரணம் இருக்கும். எனவே, சீனர், மலாய்க்காரர், இந்தியர் / பிறர் என்ற மூன்று பிரிவுகளின் நிலையையும் பாருங்கள்.

பணம். கடந்த விற்பனை விலைகளை வீவக தளத்தில் புளோக் வாரியாகப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். எடுத்துக்காட்டுக்கு விலை 600,000 வெள்ளி, வீவக ஒப்புக்கொள்ளும் மதிப்பீடு 585,000 என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட 15,000 ரொக்கமாகவே தர வேண்டும், மத்திய சேம நிதியைத் தொட முடியாது. வீவக கடன் மதிப்பீட்டில் 75 விழுக்காடு, 438,750. அதற்கு 2.6 விழுக்காட்டு வட்டியில் 25 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 1,990 வெள்ளி. தவணை இருவர் மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. முத்திரைத் தீர்வை 12,600. மானியத்தில், இருவரும் முதல்முறை வாங்கும் குடிமக்கள், வருமானம் 14,000க்குள் என்றால் நான்கறை வரை 80,000. வருமானம் 9,000க்குள் என்றால் அதைப் பொறுத்துக் கூடுதல் மானியமும் உண்டு.

இங்கேதான் மாமியார் வீட்டுக் கணக்கு வருகிறது. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் அருகாமை வீட்டு மானியம் 20,000 வெள்ளி. செம்பவாங் அந்த வட்டத்துக்கு வெகு தூரம். அங் மோ கியோவின் ஒரு பகுதி உள்ளே வரும். அப்படியானால் அங் மோ கியோ வாங்கலாமே என்றால், அங்கே ஒரு தடை இருக்கிறது. அங்குள்ள பல வீடுகள் 1980ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை, 99 ஆண்டு குத்தகை 2079 வாக்கில் முடியும். வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மிஞ்சினால்தான் சேம நிதியையும் வீவக கடனையும் முழு அளவில் பயன்படுத்தலாம். உங்களுக்கு 31, ஆகவே 64 ஆண்டு மிச்சம் வேண்டும். பழைய வீட்டில் அது இருக்காது, கையிலிருந்து கூடுதலாகப் போட வேண்டிவரும். செம்பவாங்கின் புதிய புளோக்குகளில் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் ஒப்பீடு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்: கிட்டே இருக்கிற பழைய வீடு, தள்ளி இருக்கிற புதிய வீடு. பொங்கோலுக்குப் போகச் சொல்வார்கள். தேக்காவுக்கு நேர் ரயில் என்றாலும் துவாஸுக்கு அது தீவின் மறுகோடி. தெங்காவில் ரயில் திறக்கும்வரை பேருந்துதான், உங்கள் வேலை நேரத்துக்குச் சரிவராது.

என் கருத்தைக் கேட்டால்: நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் புளோக் இருந்து, 8 முதல் 5 வரை என்று எழுத்தில் ஒப்புதலும் கிடைத்தால் செம்பவாங்குக்குத் தாராளமாகப் போங்கள். இணைப்புப் பேருந்து தேவைப்படும் புளோக் என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். ஒப்புதல் கிடைக்காவிட்டால் அங் மோ கியோ பக்கம் சின்ன வீடாவது தேடுங்கள். வாங்கியபின் ஐந்து ஆண்டு அதே வீட்டில் குடியிருந்தாக வேண்டும், முழு வீட்டை வாடகைக்கும் விட முடியாது. ஆறு மாதத்தில் ஒத்துவரவில்லை என்று திரும்பிவர வழியில்லை.

வரிசை இது: வேலை நேரக் கோரிக்கையை இந்த வாரமே கொடுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும்போதே வீவக தளத்தில் எச்எஃப்இ கடிதத்துக்கு (வீடு வாங்கும் தகுதி, மானியம், கடன் அளவு ஆகியவற்றைச் சொல்லும் கடிதம்) விண்ணப்பியுங்கள். அது கையில் இல்லாமல் விற்பவரிடமிருந்து ‘வாங்கும் உரிமை’ (ஓடிபி) பெற முடியாது. உரிமைக்கான முன்பணம் 1,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது, அதை உறுதிசெய்ய 21 நாள் இருக்கிறது. மதிப்பீட்டுக் கோரிக்கையை உரிமை பெற்ற அடுத்த வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். தவறவிட்டால் மதிப்பீடு இல்லாமல் சேம நிதியையும் கடனையும் பயன்படுத்துவது சிக்கலாகும். மதிப்பீடு நீங்கள் நினைத்ததைவிடக் குறைந்து வந்து ரொக்கம் எட்டாவிட்டால், அந்த 21 நாளுக்குள் விலகிவிடலாம். விற்பவரிடம் போவது அந்த முன்பணம் மட்டுமே.